மாடியில் ஒரு சொட்டுத் தண்ணி

செருப்பை வாசல்ல விடாதீங்க தம்பி, உள்ளயே கழட்டுங்க. இந்தத் தெரு நாய்க்கு ஜோடியில ஒண்ணை மட்டும் தூக்கிட்டுப் போற புத்தி. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. ஏளா கோமு, செண்பகத்தைப் பத்தி விசாரிக்க மாப்பிள்ளை வீட்லேருந்து ஆள் வந்திருக்கு, காபி போடு!

மாப்பிள்ளைக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு சொன்னீங்க இல்லையா? கதவைத் திறந்ததுமே நெனச்சேன். செண்பகத்தோட அப்பா போட்டோ அனுப்பியிருந்தாரு, பாத்திருக்கேன்லா. அதே மூக்கு. அதே கண்ணாடி. ஒரே கடையில வாங்குவீங்க போல. புருவத்துல இருக்குற தழும்பு கூட அதே இடத்துல. சில குடும்பத்துல அப்படித்தான், பரம்பரையா வரும். மாப்பிள்ளை நேரா வராம உங்களை அனுப்பினதும் நல்லதுதான். விசாரிக்க மாப்பிள்ளையே வந்து நின்னா நல்லாவா இருக்கும்? முறைன்னு ஒண்ணு இருக்கே.

என் பேரு ஆவுடையப்பன். மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். காபி போடுறது என் வீட்டுக்காரி கோமு. இந்தப் பிள்ளை செண்பகம் என் மாடியில குடியிருக்கா. கோவில்பட்டிப் பிள்ளை. இங்க பாளையங்கோட்டையில தங்கி யுனிவர்சிட்டியில டாக்டர் பட்டத்துக்குப் படிக்கா. ஊசி போடுற டாக்டர் இல்ல, மத்தது.

நான் எதையும் மறைக்கிறவன் இல்ல, பாத்துக்கிடுங்க. கல்யாணம் முடிஞ்ச பெறவு ‘ஆவுடையப்பன் அப்பவே சொல்லலியே’ன்னு யாரும் என் வீட்டு வாசல்ல வந்து நிக்கக் கூடாது. பிள்ளையும் அதைத்தான் சொல்லி வச்சிருக்கா. ‘மாமா, யார் வந்து கேட்டாலும் கம்ப்யூட்டர் கதையை ஒண்ணு விடாம சொல்லிருங்க’ன்னா. அதனால சொல்லுதேன். நீங்க மூணாவது ஆள். மொத வந்தவரு நான் சொல்லச் சொல்ல போனையே நோண்டிக்கிட்டு இருந்தாரு, பாதியில ‘அப்ப வாறேன்’னு எந்திரிச்சுட்டாரு. ரெண்டாவது வந்த அம்மா, சமைக்கத் தெரியுமா, தலைமுடி சொந்த முடிதானான்னு கேட்டுட்டு பலகாரத்தை முடிச்சிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு இடமும் தட்டிப்போச்சு.

இதுவும் தட்டிப்போச்சுன்னா எட்டயபுரம் அத்தை மகன்தான்னு அவ அப்பா அடிச்சுச் சொல்லிட்டாரு. சிமெண்டு கடை. தங்கமான பையன், குத்தம் சொல்லக் கூடாது. ஆனா ‘கல்யாணத்துக்குப் பெறவு படிப்பு எதுக்கு, அந்தக் கம்ப்யூட்டர் கடையில பில் போட ஆகும்’னு சொல்லியிருக்கான். அதைக் கேட்டு இந்தப் பிள்ளை மாடிப்படியில உக்காந்தவ சாப்பிடக்கூட எந்திரிக்கல. அதனால கொஞ்சம் நல்லபடியா காதுல வாங்கிக்கிடுங்க தம்பி.

ஆடி மாசம் அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டோவுல அட்டைப்பெட்டியா வந்து இறங்குச்சு. மாட்டிக் குடுக்க ஆள் வருவான்னு நான் பாத்துக்கிட்டிருக்கேன், இவ துப்பட்டாவை இடுப்புல சுத்திக்கிட்டு திருப்புளியை எடுத்துட்டா! தானே உக்காந்து ஒவ்வொண்ணா முடுக்குதா. முடுக்கி முடிச்சிட்டு என்கிட்ட வந்து கேட்ட மொத கேள்வி என்ன தெரியுமா? ‘மாமா, வீட்ல எர்த் சரியா இருக்கா?’ தம்பி, என் வாழ்நாள்ல எந்தக் குடித்தனக்காரனும் என்கிட்ட எர்த்தைப் பத்திக் கேட்டதில்ல. தண்ணி வருமான்னு கேப்பான், பைக் நிறுத்த இடம் இருக்கான்னு கேப்பான். அன்னைக்கே நான் கோமுகிட்ட சொல்லிட்டேன், இது நம்ம பிள்ளைன்னு.

சரி, கம்ப்யூட்டர் வந்தாச்சு, அதுல என்னம்மா பண்ணப் போறேன்னு கேட்டேன். ஒரு சொட்டுத் தண்ணியாம். உப்புத் தண்ணி. அந்த ஒரு சொட்டு சல்லடை மாதிரி மெல்லிசான ஒரு தகட்டு வழியா எப்படி நுழையுது, உப்பு எங்க நிக்குது, தண்ணி எங்க போகுதுன்னு கம்ப்யூட்டருக்குள்ள கணக்குப் போடணுமாம். நிஜத் தண்ணி கிடையாது, கணக்குத் தண்ணி. நான் சொன்னேன், ‘ஏம்மா, கீழ குழாயைத் திறந்தா வாரதே உப்புத் தண்ணிதான், ஒரு டம்ளர் பிடிச்சிட்டுப் போ’ன்னு. சிரிப்பான்னு பாத்தேன். சிரிக்கல.

அந்தக் கணக்கைப் போடுற மென்பொருள் ரெடியாக் கிடைக்குமாம், சும்மாவே தாரானாம். இவளுக்கு அது ஆகாது. அதோட மூலத்தை எடுத்து, இந்த மெஷினுக்குன்னே தானே கம்பைல் பண்ணணும்கா. அப்பதான் வேகமா ஓடுமாம். நமக்கு இது விளங்காம இல்ல. கடையில மாவு பாக்கெட் தொங்குது, இவ அரிசியை ஊறப்போட்டு அரைச்சாத்தான் தோசைங்கா. எங்க கோமுவும் அப்படித்தான். ஆனா கோமு மாவு பகல் சாப்பாட்டுக்குள்ள அரைஞ்சு முடிஞ்சிரும். இந்த மாவு ஆடியில போட்டு ஆவணி தாண்டியும் அரைஞ்சுக்கிட்டே கிடந்துச்சு.

ஏன்னா கேளுங்க. அந்த மென்பொருளை அரைக்க கம்பைலர்னு ஒரு கிரைண்டர் வேணும். இருக்குற கம்பைலர் பழசு, அதனால கம்பைலரையே மொதல்ல கம்பைல் பண்ணணும். அதுக்கு லைப்ரரின்னு ஒரு துணை மென்பொருள் வேணும். அந்த லைப்ரரிக்கு இன்னொண்ணு வேணும். அந்த இன்னொண்ணு என்ன சொல்லுதுன்னா, எனக்குப் புதுசு ஆகாது, பழைய கம்பைலர்தான் வேணும்கு! அவ தலையில கை வச்சுக்கிட்டா. நான் சொன்னேன், ‘இதுல என்னம்மா ஆச்சரியம், எங்க ஆபீஸ்ல புதுக் கனெக்‌ஷன் கேட்டு வாறவன்கிட்ட வீட்டு வரி ரசீது கேப்போம், வரி ரசீதுக்குப் போனா அங்க கரண்டு பில் கேப்பான்’னு. மெஷினுக்குள்ளயும் ஒரு ஆபீஸ் நடக்குது, அவ்வளவுதான.

என்ன தம்பி தலையை ஆட்டிக்கிட்டு உச்சுக் கொட்டுதீங்க? காபி கசக்கோ? ஏளா, தம்பிக்குக் கொஞ்சம் சீனி!

இதுக்கு நடுவுல ஒரு சிக்கல். எதிர்வீட்டு ராஜாமணி இருக்கால்லா, அவ மொத விசாரிக்க வந்தவருகிட்ட ஒரு புரளியைப் பத்த வச்சிட்டா, மாடியில ஒரு ஆம்பிளைப் பேச்சு நடக்குதுன்னு. ‘ஏன்டா இப்படிப் பண்ணுத, தொண்ணூறு வரைக்கும் வந்துட்டேல்லா, இன்னும் கொஞ்சந்தான்டா, வந்துரு ராசா’ன்னு இவ கெஞ்சுறது தெரு வரைக்கும் கேக்குமே. நான் சத்தியம் பண்ணுதேன் தம்பி, மாடியில ஆம்பிளை கிடையாது. அவ கெஞ்சினது கம்ப்யூட்டரைத்தான். திட்டுனதும் கம்ப்யூட்டரைத்தான். அழுததும் அதுக்காகத்தான். சோத்துல கையை வச்சிருப்பா, மாடியில ‘டிங்’குன்னு ஒரு சத்தம் வந்தாப் போதும், கையைக் கழுவாம ஓடிருவா. இப்படி ஒரு பொறுப்பான பிள்ளை எங்க கிடைக்கும்? இதைத்தான் நான் அவருகிட்டயும் சொன்னேன். அவரு ஏன் அப்படி முழிச்சாருன்னு எனக்கு இன்னும் விளங்கல.

சரி, மெஷின் கதைக்கு வாறேன். அந்த மெஷினுக்கு வெள்ளிக்கிழமை ஆகாது தம்பி. இதை நான் கண்டுபிடிச்சேன். எல்லாம் அரைஞ்சு முடிய ஒரு வாரத்துக்கு மேல ஆகுமாம், காலையில அவ அதை ஓட விட்டுட்டு கேம்பஸ் போவா. மத்த நாள்ல நல்லாத்தான் ஓடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பாத்தா செத்துக் கிடக்கும். பாதியில நின்னதை நம்பக் கூடாதாம், அழிச்சிட்டு மொதல்லேருந்து ஆரம்பிக்கணுமாம். அடுத்த வெள்ளி, மறுபடியும் அதே. நானும் சொல்லிப் பாத்தேன், ‘வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகுகாலம், அதுல ஓட விடாதே’ன்னு. கேக்கல. நடுவுல ஒரு புதன்கிழமையும் செத்துச்சு. அன்னைக்கு நானும் கோமுவும் தென்காசிக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. வெள்ளிக்கிழமையும் நாங்க நெல்லையப்பர் கோயிலுக்குப் போயிருவோம். நாங்க வீட்ல இல்லாத நேரமாப் பாத்துத்தான் அதுக்கு வருது! அந்த மெஷினுக்கு ஆள் ஏக்கம் தம்பி. வீட்ல ஆளரவம் இல்லன்னா அது ஏங்கிப் போயிருது.

இதை நான் செண்பகத்துகிட்ட சொன்னேன். ‘மாமா, வெளிய போகும்போது என்ன பண்ணுவீங்க?’ன்னா. என்ன பண்ணுவேன், கேஸை மூடுவேன், பின்வாசலைப் பூட்டுவேன், மெயினை அணைப்பேன். ‘எந்த மெயின்?’னா. வீட்டுக்கு ஒரு மெயின்தானம்மா, மாடிக்கும் சேத்துத்தான், உன் பாதுகாப்புக்கும் சேத்துத்தான் அணைக்கேன்னு சொன்னேன். அப்படியே மாடிப்படியில உக்காந்துட்டா.

தம்பி! தம்பி, மெதுவா! புரை ஏறிட்டு, தலையைத் தட்டிக்கிடுங்க. யாரோ நெனைக்காங்க உங்களை.

நீங்களே சொல்லுங்க, மெயினை அணைக்கிறது ஒரு தப்பா? எத்தனை தீ விபத்தை நேர்ல பாத்தவன் நான்! ஆள் இல்லாத வீட்ல கரண்டு ஓடலாமா? டிவியை அணைச்சுப் போட்டா அதே சேனல்தான வருது, பிரிட்ஜை அணைச்சுப் போட்டா மறுபடி குளிருது. இந்த மெஷினுக்கு மட்டும் ரோஷம் பொத்துக்கிட்டு வருது, மொதல்லேருந்து ஆரம்பின்னு சொல்லுது. இருந்தாலும் பிள்ளை முகத்துக்காக ஒரு படி இறங்கி வந்தேன். மெயினை விட்டுட்டு, மாடி பீஸ் கட்டையை மட்டும் பிடுங்கி வச்சிட்டுப் போனேன். அதுக்கும் அழுதா. பெறவு யுபிஎஸ்னு ஒரு பெட்டியை வாங்கி வச்சா. நான் பீஸைப் பிடுங்கினதும் அது கத்துச்சு பாருங்க ஒரு கத்து, தெருவே வந்து நிக்குது! பூட்டைத் திறந்து போய் அதையும் அணைச்சிட்டு வந்தேன். நான் இல்லன்னா அன்னைக்கு பேட்டரி தீர்ந்து போயிருக்கும்.

இப்படியே புரட்டாசி வந்துட்டு. அவ அப்பா போன்ல சத்தம் போடுதாரு, ‘ஒரு சொட்டுத் தண்ணிக்கு இன்னும் எத்தனை மாசம்?’னு. நவராத்திரி சமயம். இந்த வாட்டி நான் வீட்டை விட்டு நகரல, மெஷினும் நிக்காம ஓடுது. ஓடி ஓடி சரஸ்வதி பூஜை அன்னைக்கு வந்து சேந்துட்டு. காலையில செண்பகம் ஓடி வாரா, ‘மாமா, இன்னைக்கு முடிஞ்சிரும், கடைசி மென்பொருள்தான்’னா. நான் காதைப் பொத்திக்கிட்டேன். ஏம்மா, இன்னைக்கு ஆயுத பூஜை! நான் திருப்புளியும் குறடும் கழுவி, சந்தனம் வச்சு, நடுவீட்ல அடுக்கியிருக்கேன். கோமு அரிவாள்மனையைக் கூட எடுக்காம, நேத்தே காய் நறுக்கி வச்சிட்டா. இன்னைக்குப் போய் உன் ஆயுதம் மட்டும் வேலை பாக்கலாமா? நிறுத்து. மாலை போடணும், பொரி வைக்கணும், நாளைக்குத்தான் எடுக்கணும். இதுல மட்டும் நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன்னு சொல்லிட்டேன். கோமு நடுவுல ஏதோ சொல்ல வந்தா, ‘நீ சும்மா இருளா’ன்னுட்டேன்.

பிள்ளை முகம் செத்துப் போச்சு. பெறவு என்ன நெனச்சாளோ, ‘சரி மாமா, அணைச்சு அட்டைப்பெட்டிக்குள்ளயே எடுத்து வச்சிருதேன், நீங்க வந்து பூஜை போடுங்க’ன்னா. எப்படி வளத்திருக்காங்க பாருங்க! பெரியவங்க சொன்னா மறுபேச்சு கிடையாது. இதை உங்க அண்ணன்கிட்ட கண்டிப்பாச் சொல்லணும்.

நான் குளிச்சு, வேட்டி மாத்தி, தட்டோட மாடிக்குப் போனேன். நடுவுல ஸ்டூல் போட்டு அட்டைப்பெட்டியை வச்சிருந்தா, மூடி டேப்பெல்லாம் ஒட்டி மரியாதையா. டிவி மாதிரி இருக்கும்லா அதுக்கு மேல ஒரு துண்டு. பெட்டியைக் கிழக்கு பாக்கத் திருப்பலாம்னு தூக்கினேன், என்ன லேசு தம்பி! ஒத்தைக் கையில வருது. இந்தக் காலத்துச் சாமானுக்குக் கனமே கிடையாது, எல்லாம் பிளாஸ்டிக். சந்தனம் குங்குமம் வச்சேன், செவ்வந்தி மாலை போட்டேன், பொரிகடலை வச்சு சூடம் காட்டினேன். கட்டிலுக்கடியில என்னமோ உர்ருன்னு சத்தம். பெருச்சாளின்னு நெனச்சு குனியப் போனேன், ‘மாமா, சூடம் அணையப் போகுது!’ன்னு அவ கையைப் பிடிச்சு நிமித்திட்டா. பக்தின்னா அதுதான். கட்டிலுக்கடியிலேருந்து காலுக்கு அனலா ஒரு காத்து வேற. மனசு ஒன்றி பூஜை பண்ணுற இடத்துல அப்படி ஒரு சூடு வரும். மெய் சிலுத்துப் போச்சு எனக்கு.

ஏன் தம்பி குனிஞ்சுக்கிட்டீங்க? தோளெல்லாம் குலுங்குதே. அழுதீங்களா? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

கேளுங்க இனிமேதான் விசேஷமே. விஜயதசமி காலையில நான் மாலையைக் கழட்டி, ‘இனி ஓட விடும்மா’ன்னு சொல்லிட்டு இறங்கினேன். பாதிப் படி கூட இறங்கல, மாமான்னு ஒரு கூப்பாடு. முடிஞ்சிட்டாம்! எல்லாம் அரைஞ்சு, ஒரு பிழை இல்லாம முடிஞ்சு நிக்காம்! இத்தனை மாசம் ஓடி முடியாதது, ஒரு நாள் லீவு குடுத்து மரியாதை பண்ணினதும் தன்னால முடிச்சுக் குடுத்திருக்கு. பிள்ளை கோமு கையைப் பிடிச்சுக்கிட்டு தேம்பித் தேம்பி அழுதா. கோமுவும் அழுதா. கோமு என்னைப் பாத்து ஒரு மாதிரி சிரிச்சுக்கிட்டே அழுதா, அது ஏன்னு தெரியல.

அன்னையிலேருந்து அந்தச் சொட்டு மாடியில ஓடுது. மாசக்கணக்குல நிக்காம ஓடணுமாம். நிக்கக் கூடாதுன்னு அவ ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கல, கும்பிட மட்டும் செஞ்சா. நான் என் கொள்கையை விடுறவன் இல்ல. ஆள் இல்லாத வீட்ல மெயின் ஆன்ல கிடக்கக் கூடாது, அது கூடாதுதான். அதனால ஆள் இல்லாம வீட்டை விடுறதில்ல. வெள்ளிக்கிழமை கோமு கோயிலுக்குப் போனா நான் இருப்பேன், நான் போனா கோமு இருப்பா. ஜோடியா ஒரு கல்யாணத்துக்குப் போகல, தீபாவளிக்குத் துணி எடுக்கக் கூட அவ தனியாப் போயி எனக்குப் பிடிக்காத கலர்ல சட்டை எடுத்துட்டு வந்தா. பரவாயில்ல. அந்தப் பிள்ளை மாடிப்படியில உக்காந்து அழுறதை இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியாது தம்பி.

இவ்வளவுதான் விசாரணை. மத்தபடி நல்ல பிள்ளை. நேரத்துக்கு வாடகை, சத்தம் கிடையாது, யுபிஎஸ் சத்தம் தவிர. நீங்க அண்ணன்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா பாருங்க, நான் பிடிச்சு வைக்கல. செருப்பு பத்திரமா இருக்கு.

என்ன கேட்டீங்க?

இன்னொரு வாட்டி சொல்லுங்க. அந்தச் சொட்டு என்னாச்சுன்னா?

இருங்க. இருங்க தம்பி, எந்திரிக்காதீங்க. அவ என்ன சொல்லி வச்சிருக்கா தெரியுமா? ‘மாமா, கதையை முழுக்கச் சொல்லுங்க, சொட்டு என்னாச்சுன்னு மட்டும் நீங்களாச் சொல்லாதீங்க. கேக்காதவங்களுக்குக் காபி குடுத்து அனுப்பிருங்க. யாராவது தானாக் கேட்டா என்னைக் கூப்பிடுங்க’ன்னா. அந்த ரெண்டு பேரும் கேக்கல. அவ அப்பா கேக்கல. அட, எனக்கே தெரியாதே, ஒரே வீட்ல இருந்துக்கிட்டு நானே கேக்கலியே!

ஏம்மா செண்பகம்! செண்பகம்! கீழ வாம்மா! கேட்டுட்டாரு! சொட்டு என்னாச்சுன்னு கேட்டுட்டாரு!

வாரா, வாரா. நீங்க எதுக்குத் தம்பி தலையைக் கோதிக்கிட்டு, சட்டையை இழுத்து விடுதீங்க? அது மாப்பிள்ளை வரும்போது மாப்பிள்ளை பண்ணணும். சரி, நீங்களாவது கேட்டு வச்சிக்கிட்டுப் போய் அவருகிட்ட சொல்லுங்க. ஏளா கோமு, செருப்பைப் போடு, நாம நெல்லையப்பரைப் பாத்துட்டு வந்திருவோம், ஜோடியாப் போயி எத்தனை நாளாச்சு! பிள்ளைங்க பேசட்டும். கேஸை மூடிட்டியா? பின்வாசல் பூட்டியாச்சா? அப்ப மெயினை...

ஏய்யா! இது என்ன பாய்ச்சல்! நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து கையைப் பிடிக்கீங்க! விடுங்க தம்பி, வலிக்கி. ஏதோ பழக்க தோஷத்துல கை அந்தப் பக்கம் போயிட்டு.

அந்தா, பிள்ளை படியில நின்னு சிரிக்கா. கோமு, இங்க பாருளா, செண்பகம் சிரிக்கா. ஆடி மாசத்துலேருந்து இந்தப் பிள்ளை சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

சரி தம்பி, கையை விடுங்க. நான் அணைக்கல.